120 குழந்தைகளுக்கு ஒரே வேளையில் ஓவியப் பயிலரங்கு, எப்படி நடத்துவது?

கரித்துண்டு எழுதியது:

வணக்கம். சின்னக் குழுக்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன், ஒரு மேசையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் உட்கார்ந்தால் அதுதான் என் வகுப்பு. இப்போது ஒரு பள்ளியில் 120 குழந்தைகளுக்கு வண்ண ஓவியப் பயிலரங்கு நடத்தித் தரக் கேட்டிருக்கிறார்கள். வயது 8 முதல் 11 வரை. பெரிய கூடம், நீளமான மேசைகள், தண்ணீர்க் குழாய் கூடத்துக்கு வெளியே ஒரே இடத்தில். மொத்தம் இரண்டரை மணி நேரம். உதவிக்குச் சில ஆசிரியர்களும் மேல்வகுப்பு மாணவர்களும் வருவார்கள், ஆனால் அவர்களில் யாரும் ஓவியம் பழகியவர்கள் இல்லை.

எட்டுப் பேரிடம் செய்வதை அப்படியே பெருக்கினால் 120 பேருக்குச் சரிவராது என்று தெரிகிறது. எந்த வண்ணம் வாங்கச் சொல்வது, எவ்வளவு வாங்குவது, தண்ணீரை எப்படிச் சமாளிப்பது, நான் செய்து காட்டுவதைக் கடைசி வரிசைக் குழந்தை எப்படிப் பார்க்கும், இதெல்லாம் ஒரு பக்கம். இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இத்தனை பேரை ஒழுங்காக நடத்த வேண்டும் என்றால் 'இப்போது எல்லோரும் மலை வரையுங்கள், இப்போது எல்லோரும் நீலம் எடுங்கள்' என்று சொல்லித்தான் ஆக வேண்டுமா? முடிவில் ஒரே மாதிரி 120 படங்கள் வந்தால் அதைப் பயிலரங்கு என்று சொல்லவே எனக்கு மனம் வராது. அதே சமயம் 'உங்கள் இஷ்டம்போல வரையுங்கள்' என்று விட்டால் பாதிப் பேர் வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். பெரிய குழுவோடு வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.


ஏணிப்படி எழுதியது:

முதல் வேலையாக 120ஐ இரண்டாக உடையுங்கள். 60 பேர் வண்ணம் தீட்டும்போது மீதி 60 பேர் அதே கூடத்தின் மறுபாதியிலோ பக்கத்து அறையிலோ உலர்ந்த வேலை செய்யட்டும், பென்சில், கிரேயான், ஆயில் பேஸ்டல் இப்படி. பிறகு இடம் மாறிக்கொள்ளட்டும். உங்களிடம் இருப்பது 150 நிமிடம்: தொடக்கத்தில் 10, ஒரு சுற்றுக்கு 60, நடுவில் மாறவும் கழுவவும் 15, இன்னொரு 60, கடைசியில் 5 நிமிடம் மிச்சம். இப்படிச் செய்தால் பிரஷ், தட்டு, கிண்ணம் எல்லாமே பாதி போதும், ஈரப் படங்களை வைக்க வேண்டிய இடமும் ஒரே நேரத்தில் பாதிதான். இது ஒன்றை மட்டும் செய்தாலே உங்கள் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வண்ணம் என்று வந்தால் அக்ரிலிக் வேண்டவே வேண்டாம். காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடும், துணியிலிருந்து போகாது, கழுவாமல் விட்ட பிரஷ் அன்றோடு முடிந்தது. கட்டி வாட்டர் கலர் சிந்தாது என்பது உண்மைதான், ஆனால் 8 வயதுக் குழந்தை அதில் அடர்த்தியான நிறம் எடுக்க நெடுநேரம் தேய்க்க வேண்டும், பெரிய தாளில் வெளிறிப்போய் நிற்கும். துவைத்தால் போகும் என்று லேபிளில் போட்டிருக்கும் போஸ்டர் கலர் வாங்கச் சொல்லுங்கள். அது ஒளிபுகாத வண்ணம், காய்ந்ததும் மேலேயே இன்னொரு நிறம் போடலாம், அதனால் 'கெட்டுப்போச்சு, வேற பேப்பர் குடுங்க' என்ற குரல் குறையும்.

அளவுக்கு என் கணக்கு இது. ஒரு குழந்தைக்கு ஒவ்வொரு நிறத்திலும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. 120 பேருக்கு ஒரு நிறத்தில் 600 மில்லி. ஆனால் மஞ்சளும் வெள்ளையும் இரண்டு மடங்கு வேண்டும், இவை இரண்டும்தான் முதலில் தீரும். காரணம், ஒரு சொட்டு நீலம் விழுந்தாலே ஒரு கரண்டி மஞ்சள் பச்சையாகிவிடும், அதைத் திரும்ப மஞ்சள் பக்கம் இழுக்க இன்னும் மஞ்சள் கொட்ட வேண்டியிருக்கும். குப்பிகளை மேசைமேல் வைக்காதீர்கள். நான்கு குழந்தைகளுக்கு ஒரு குழித்தட்டு, அதில் கொஞ்சமாக ஊற்றி வையுங்கள், தீர்ந்தால் உதவியாளர் வந்து ஊற்றட்டும். கலப்பதற்கு மட்டும் ஆளுக்கொரு தனித்தட்டு.

அடுத்து தண்ணீர். குழாய் ஒன்றுதான், அதுவும் வெளியே என்றால் குழந்தைகள் யாரும் குழாய் பக்கமே போகக்கூடாது. போனால் வரிசை நிற்கும், வரிசையில் தள்ளுமுள்ளு, தரை முழுக்க ஈரம், யாராவது வழுக்குவார்கள். ஒவ்வொரு மேசை வரிசைக்கும் அழுக்குத் தண்ணீருக்கு ஒரு வாளி, நல்ல தண்ணீருக்கு ஒரு குடம். கிண்ணங்களை மாற்றுவது உதவியாளர்கள் வேலை. அடி அகலமான, கனமான கிண்ணம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், இரண்டு பேருக்கு ஒன்று. அதோடு ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய துணித்துண்டு கட்டாயம். பிரஷைக் கழுவினால் போதாது, துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். இதைப் பழக்காவிட்டால் பிரஷில் மிச்சமிருக்கும் தண்ணீர் எல்லா நிறத்தையும் நீர்த்துப்போகச் செய்யும்.

தாள்: 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) சாதாரணத் தாள் ஈரம் பட்டதும் சுருண்டு, தேய்த்த இடத்தில் கிழியும். குறைந்தது 180 அல்லது 200 ஜிஎஸ்எம் இருக்கட்டும். ஏ3 அளவு (ஏ4 தாளின் இரண்டு மடங்கு) கொடுத்தால் குழந்தைகள் கையை வீசி வரைவார்கள், ஆனால் தட்டும் கிண்ணமும் சேர்த்து ஆளுக்கு 60 சென்டிமீட்டர் அகலமாவது மேசையில் கிடைக்குமா என்று முதலில் அளந்து பாருங்கள். பெயரைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதுவது வண்ணம் மேசைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஈரமான தாளைத் திருப்பிப் பெயர் எழுத முடியாது, பெயர் இல்லாத படங்களுக்குப் பிறகு ஆள் தேடவும் முடியாது.


மஞ்சள்கோடு எழுதியது:

ஏணிப்படி சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். நிறத்தேர்வைப் பற்றி மட்டும் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பயிலரங்குகளில் இதில் யாரும் கவனம் வைப்பதில்லை.

12 நிறம் உள்ள பெட்டி வாங்காதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்று முதன்மை நிறங்களும் வெள்ளையும் போதும். கறுப்பு வேண்டாம். கறுப்பு மேசையில் இருந்தால் குழந்தைகள் எல்லாவற்றுக்கும் கறுப்பில் கோடு போடுவார்கள், அது ஈரமான நிறத்தோடு கலந்து படம் முழுக்கச் சேறாகும். நிறம் குறைவாக இருக்கும்போதுதான் கலக்க வேண்டிய தேவை வருகிறது, பச்சை தட்டில் இல்லையென்றால் குழந்தையே பச்சையைச் செய்தாக வேண்டும். தானே செய்த பச்சை பக்கத்துப் பிள்ளையின் பச்சையாக இருக்காது. நீங்கள் பயப்படும் ஒரே மாதிரித்தன்மை இங்கேயே பாதி உடைந்துவிடும்.

ஆனால் எந்தச் சிவப்பு, எந்த நீலம் என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் 'சிவப்பு' என்று கேட்டால் பெரும்பாலும் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த வெர்மிலியன்தான் வரும். அதையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் ஊதா வராது, மங்கிய பழுப்பு மாதிரி ஒன்று வரும், ஏனென்றால் அந்தச் சிவப்புக்குள் ஏற்கெனவே மஞ்சள் சாயல் இருக்கிறது, மூன்று முதன்மை நிறமும் சேர்ந்துவிட்டால் நிறம் மங்கத்தான் செய்யும். குழந்தை 'சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா' என்று பாடத்தில் படித்துவிட்டு வந்து இங்கே கலக்கும்போது பழுப்பு வந்தால் தன் கை மீதுதான் சந்தேகப்படும். தவறு குழந்தையுடையது இல்லை, குப்பியினுடையது. நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சன் அல்லது மெஜந்தா வாங்குங்கள், நல்ல ஊதா வரும். மஞ்சளில் லெமன் எல்லோ. நீலத்தில் பச்சைப் பக்கம் சாய்ந்த ப்ரஷ்யன் நீலமோ சயானோ இருந்தால் பச்சை பளிச்சென்று வரும். வெர்மிலியன் மாதிரி ஆரஞ்சு கலந்த சிவப்பு வேண்டும் என்கிற குழந்தை மெஜந்தாவில் கொஞ்சம் மஞ்சள் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் எதையும் இழக்கவில்லை. வாங்கியதும் நீங்களே ஒருமுறை எல்லா ஜோடியையும் கலந்து பாருங்கள், ஒவ்வொரு நிறுவனத்தின் நிறமும் வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, கலக்கும்போது எப்போதும் வெளிர்நிறத்தில் அடர்நிறத்தைத் துளித்துளியாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மஞ்சளில் நீலம் விட வேண்டும், நீலத்தில் மஞ்சளை விட்டால் உங்கள் மஞ்சள் எல்லாம் அதற்குள்ளேயே போய்விடும். முதல் 10 நிமிடம் ஓவியமே வேண்டாம், ஒரு துண்டுத் தாளில் 'உங்களால் எத்தனை வகைப் பச்சை செய்ய முடியும் பாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிடுங்கள். கூடம் தானாக அமைதியாகும். உங்களுக்கும் யாருக்கு உதவி தேவை என்று சுற்றிப் பார்க்க நேரம் கிடைக்கும்.


ஜன்னலோரம் எழுதியது:

பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். பொருட்களைப் பற்றி மேலே நன்றாகவே சொல்லிவிட்டார்கள், உங்களை உறுத்தும் அந்தக் கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

எல்லோரும் ஒரே படம், இல்லையென்றால் இஷ்டம்போல எதையாவது, இந்த இரண்டு மட்டுமே வழி என்று நினைக்க வேண்டாம். செய்முறையை எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள், படத்தை அவரவருக்கு விட்டுவிடுங்கள். 'மலை வரையுங்கள்' என்று சொல்லாமல், 'நீங்கள் ஒளிந்துகொள்ள விரும்பும் ஒரு இடம்', 'மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்', 'உங்களுக்குத் தெரிந்தவர்களிலேயே அதிகம் ஓடுகிற ஆள்' என்று கொடுத்துப் பாருங்கள். இப்படி ஒரு தலைப்புக்கு எந்தக் குழந்தையிடமும் தயாராக ஒரு படம் இருக்காது, ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். வண்ணம் கொடுப்பதற்கு முன் பக்கத்தில் இருப்பவரிடம் தன் இடத்தைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள், யார் இருக்கிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று. பேசி முடித்த குழந்தை வெள்ளைத் தாளைப் பார்த்து உட்கார்ந்திருக்காது.

8 முதல் 11 வயது என்பது ஒரு திருப்பம். கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் குழந்தை ஓவியத்தைப் பருவங்களாகப் பிரித்தபோது 7 முதல் 9 வரையிலான காலத்தைத் தனியாக வைத்தார்: அடியில் ஒரு நிலக்கோடு, அதன்மேல் எல்லாம் நிற்கும், வானம் மேலே ஒரு பட்டையாக இருக்கும், முக்கியமான ஆள் வீட்டைவிடப் பெரிதாக இருப்பார். 9 வயதுக்கு மேல் குழந்தைக்குத் தன் படம் 'நிஜம் மாதிரி' இல்லை என்று தெரிய ஆரம்பிக்கிறது, 'எனக்கு வரைய வராது' என்ற பேச்சு அப்போதுதான் தொடங்குகிறது. உங்கள் கூடத்தில் இந்த இரண்டு வகையும் கலந்து இருக்கும். சின்னவர்களின் நிலக்கோட்டைத் திருத்த வேண்டாம், அது பிழையே இல்லை. பெரியவர்களுக்குக் கொஞ்சம் நுட்பம் கொடுங்கள், அவர்கள் அதற்காக ஏங்குகிறார்கள்: தூரத்தில் இருப்பதை வெள்ளை கலந்து வெளிறச் செய்வது, ஒன்றின் முன்னால் இன்னொன்றை மறைத்து வரைவது, இவ்வளவு போதும்.

செய்து காட்டுவதைப் பற்றிக் கேட்டீர்கள். 60 பேர் முன்னால் மேசைமேல் குனிந்து வரைந்தால் முதல் வரிசைக்குத்தான் தெரியும். பெரிய தாளைச் சுவரில் நட்டமாக ஒட்டி, அகலப் பிரஷால், போஸ்டர் கலரைக் கெட்டியாக வைத்துச் செய்யுங்கள், இல்லையென்றால் ஒழுகும். ஐந்து நிமிடம், ஒரே ஒரு நுட்பம். முழுப்படம் வரைந்து காட்டவே கூடாது. காட்டியதைச் சுவரிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். அது அங்கேயே தொங்கினால் குழந்தைகள் அதைப் பார்த்துத்தான் வரைவார்கள், நீங்கள் எத்தனை முறை 'உங்கள் படம் உங்களுடையது' என்று சொன்னாலும்.

'எனக்கு வரலை, நீங்க வரைஞ்சு குடுங்க' என்று கேட்கும் குழந்தையின் தாளில் ஒரு கோடு கூடப் போடாதீர்கள். எனக்கு இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது. நாய் வரைய வேண்டும் என்றால் வேறு துண்டுத் தாளில் காட்டுங்கள், அல்லது அதைவிட நல்லது, கேள்வி கேளுங்கள்: அது நிற்கிறதா, படுத்திருக்கிறதா, காது தொங்குகிறதா, உடம்பில் எது நீளம்? நீங்கள் போட்ட ஒரு கோடு அந்தப் படத்தில் எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும், அதனாலேயே மீதி எல்லாம் குழந்தையின் கண்ணுக்கு மோசமாகத் தெரியும்.


தாழ்வாரம் எழுதியது:

சுருக்கமாகச் சில. இடதுகைக் குழந்தைகளைக் கேட்டு மேசையின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் வலது முழங்கையோடு இடித்துக்கொண்டே இருப்பார்கள், கிண்ணமும் கவிழும். நிறக்குருடு உள்ள குழந்தை எந்த வகுப்பிலும் இருக்கலாம், ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம், அவர்களில் பெரும்பாலோருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கடினம். தட்டில் நிறங்களை எல்லா மேசையிலும் ஒரே வரிசையில் ஊற்றி, பக்கத்தில் பெயர் எழுதிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சத்தம் தாங்காத குழந்தைகளுக்காகக் கூடத்தின் ஒரு மூலையில் சுவரைப் பார்த்த மாதிரி சில இருக்கைகள் ஒதுக்குங்கள், காரணம் கேட்காமல் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று சொல்லிவிடுங்கள்.

பொடியாக வரும் நிறங்களைக் குழந்தைகள் முன்னால் கலக்க வேண்டாம், தூசி மூச்சில் போகும். கலைஞர்களுக்கான உயர்தர வண்ணங்கள் சிலவற்றில் காட்மியம் போன்றவை இருக்கும், அதனால் குழந்தைகளுக்கானது என்று குறிப்பிட்டதையே வாங்குங்கள். படம் எடுத்து வெளியிடுவதாக இருந்தால் பெற்றோர் ஒப்புதல் முன்கூட்டியே வாங்கியாயிற்றா என்று பள்ளியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.


கரித்துண்டு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டாகப் பிரிப்பதும் கறுப்பை எடுத்துவிடுவதும் முடிவாகிவிட்டது. 'மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால்' என்ற தலைப்பையே எடுத்துக்கொள்கிறேன், படிக்கும்போதே எனக்கு வரைய ஆசை வந்தது.

மூன்று கேள்விகள் மிச்சம். பள்ளி சிறந்த மூன்று படங்களுக்குப் பரிசு தர விரும்புகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை, எப்படிச் சொல்வது? இரண்டாவது, இத்தனை ஈரப் படங்களை எங்கே காயவைப்பது? மூன்றாவது, ஓவியம் தெரியாத உதவியாளர்களை எப்படித் தயார்செய்வது?


ஏணிப்படி எழுதியது:

காயவைப்பது: கொடி கட்டிக் கிளிப்பில் தொங்கவிடுவது அழகாகத் தெரியும், ஆனால் கெட்டியாக வைத்த வண்ணம் ஈரத்தோடு வழியும். தரையோரமாகப் பழைய செய்தித்தாள் விரித்துப் படுக்கையாகப் பரப்புங்கள், நடக்கும் பாதையைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் குறித்துவிடுங்கள். ஏ3 என்றால் 60 படத்துக்குச் சுமார் 8 சதுர மீட்டர், இடைவெளியோடு 10 அல்லது 12 வைத்துக்கொள்ளலாம். முதல் சுற்றுப் படங்களை அடுக்க அவசரப்படாதீர்கள். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், மேலே எடை வந்தால் ஒட்டிக்கொள்ளும். மின்விசிறியை நேராகப் படத்தின்மேல் திருப்பினால் தாள் பறக்கும், கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும்.

பிரஷ்களை நடுவில் கழுவும்போது கிண்ணத்தில் தலைகீழாக நிறுத்தி வைக்க விடாதீர்கள், முடி வளைந்துவிடும், உலோகப் பூணுக்குள் தண்ணீர் இறங்கிப் பிடி தளரும். கழுவி, துணியில் ஒற்றி, படுக்கையாக வைக்கவும்.


ஜன்னலோரம் எழுதியது:

பரிசைப் பற்றி: பள்ளியின் ஆசை என்ன என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது பெற்றோருக்குக் காட்ட ஏதோ ஒன்று. அதற்குப் பரிசைவிட நல்லதாக ஒன்றைக் கொடுத்துவிட்டால் பரிசுப் பேச்சு தானாக அடங்கும். 120 படங்களையும் ஒரே சுவரில், வரிசைக்கு 12 வீதம் 10 வரிசையாக, நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டலாம். எல்லாமே மழைக்கு முந்தைய நேரம் என்பதால் 120 வானமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், ஒருவர் சாம்பலாகவும் ஒருவர் ஊதாவாகவும் ஒருவர் மஞ்சளாகவும் செய்திருப்பார்கள். இப்படி ஒட்டுவதாக இருந்தால் எல்லோரும் தாளைப் படுக்கையாக வைத்து வரைய வேண்டும், இதை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். கிடை ஏ3 தாளில் அது 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் வரும், சுவர் போதாவிட்டால் வரிசையைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். இதைச் சொல்லி, 'இதில் மூன்றை மட்டும் எடுத்தால் மீதி 117 குழந்தைகள் தங்கள் படத்தை வீட்டில் காட்ட மாட்டார்கள்' என்று நேராகவே சொல்லுங்கள். தலைமை ஆசிரியர்களும் குழந்தைகளைத் தினமும் பார்ப்பவர்கள்தான், இது அவர்களுக்குப் புரியும்.

உதவியாளர்களுக்குப் பேச்சால் பயிற்சி தராதீர்கள். முந்தைய நாள் ஒரு மணி நேரம் அவர்களை அதே மேசையில், அதே தட்டோடும் தாளோடும் உட்கார வைத்து, அதே தலைப்பில் வரையச் செய்யுங்கள். ஊதா எப்போது கெட்டுப்போகிறது, துணியில் ஒற்றாவிட்டால் என்ன ஆகிறது என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரிந்துவிடும். பல பேர் பள்ளி முடிந்த பிறகு பிரஷைத் தொட்டே இருக்க மாட்டார்கள், 'எனக்கு வராதே' என்று அவர்களும் சொல்வார்கள், அப்போது நீங்கள் அவர்களிடம் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே மறுநாள் அவர்கள் குழந்தைகளிடம் பேசுவார்கள். அப்புறம் ஒரே ஒரு சொல்லை அவர்களிடம் தடைசெய்யுங்கள்: 'சூப்பர்'. எல்லாப் படத்துக்கும் சூப்பர் என்று சொல்லிக்கொண்டே போனால் மூன்றாவது மேசையில் குழந்தைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாகக் கண்ணில் படுவதைச் சொல்லட்டும், 'இந்த மேகத்தை மட்டும் விரலால தேய்ச்சிருக்கியா?', 'மரம் ஏன் ஒரு பக்கமா சாயுது, காத்தா?' என்று. குழந்தை அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் உதவியாளர் அங்கேயே நின்று முழுதாகக் கேட்க வேண்டும், அந்த நேரத்தில் அடுத்த மேசையின் அழுக்குத் தண்ணீர் இரண்டு நிமிடம் காத்திருக்கலாம்.